கொழும்பில் இருந்து கற்பிட்டி வரை: மோட்டார் சைக்கிளில் பார்க்க வேண்டிய கரையோரப் பழைய ஊர்கள்

கொழும்பில் இருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, ஓர் இரவு தங்கித் திரும்பக்கூடிய தூரத்தில், பழைய சிற்றூர்களையும் வீதியோரச் சின்னங்களையும் பார்த்துச் செல்ல எந்த வழி சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டி வீதியையும் காலி வீதியையும் பலர் சொல்வார்கள். இரண்டும் நல்ல வழிகள்தான். ஆனால் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு நான் முதலில் சொல்வது, வடமேற்குக் கரையோரமாக நீர்கொழும்பு, சிலாபம், உடப்பு, புத்தளம் வழியே கற்பிட்டி வரை செல்லும் வழியைத்தான். யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ போகும் இரவு பஸ்ஸில் இந்த ஊர்களை நாம் நித்திரையிலேயே கடந்துவிடுகிறோம். விடிந்தபின் இதே வீதியில் மெதுவாகச் செல்பவருக்குத்தான், நம் மொழியின் வரலாறு இந்தக் கரையில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது தெரியவரும்.

அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லாததால் கட்டுநாயக்கா வரையான விரைவுப் பாதையை நாம் நினைக்கவே வேண்டியதில்லை. பேலியகொடை, ஜாஎல வழியாகச் செல்லும் நீர்கொழும்பு வீதியையும் இந்தப் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காலை வேளையில் அங்கே லொறிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே கவனம் முழுவதும் செலவாகிவிடும். வத்தளையில் இடப்பக்கம் திரும்பி ஹெந்தளை, உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம வழியாகக் கடலுக்கும் முத்துராஜவெலச் சதுப்பு நிலத்துக்கும் இடையே செல்லும் வீதியே நமக்கு உகந்தது. ஹெந்தளையில் இருக்கும் தொழுநோய் வைத்தியசாலை ஒல்லாந்தர் 1708இல் அமைத்தது. இன்றும் வைத்தியசாலையாகவே இயங்கும் அந்த இடத்தை மதில் வெளியே நின்று பார்த்துவிட்டுச் செல்வதே முறை. அதற்கு அப்பால் ஹமில்டன் கால்வாய் உங்களோடு கூடவே வரத் தொடங்கும். களனி ஆற்றையும் நீர்கொழும்புக் களப்பையும் இணைப்பதற்காக ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய கால்வாய் அது. நீர்கொழும்புக்கு வடக்கே புத்தளம் வரை செல்வதோ ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய். கறுவாவும் கொப்பராவும் ஏற்றிய படகுகளுக்கு இவையே அன்றைய வீதிகளாக இருந்தன. கற்பிட்டிக்குத் திரும்பும் சந்தி வரை இந்த நீர்வழி ஒன்று எங்கோ அருகில் உங்களுடன் வந்துகொண்டிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இவ்வூர்கள் ஏன் இந்த இடங்களில் தோன்றின என்பது தானாகவே விளங்கும்.

பிட்டிபனையையும் துவயையும் கடந்து பாலத்தின் வழியே நீர்கொழும்புக்குள் நுழைந்தால் முதலில் கோட்டையைப் பார்க்கலாம். போர்த்துக்கேயரிடம் இருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் அதைத் திரும்பக் கட்டினர். வாயில் வளைவின் மேலே 1678 என்ற ஆண்டு செதுக்கப்பட்டிருக்கிறது. மணிக்கூடு பதித்த அந்த வாயிலும் கொஞ்சம் மண்மேடும் தவிர வேறெதுவும் பெரிதாக மிஞ்சவில்லை; உள்ளே இருப்பது சிறைச்சாலை. எனவே படம் எடுப்பதற்கு முன் காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து கடற்கரைத் தெருவுக்குச் சென்றால் பிள்ளையார், மாரியம்மன், காளியம்மன் கோயில்கள் மூன்றும் ஒரே தெருவில் இருக்கின்றன. கத்தோலிக்கத் தேவாலயங்களுக்குப் பெயர்பெற்ற இந்நகரில், தம்மைச் சிங்களவர் என்று கருதும் மீனவக் குடும்பங்களின் முதியவர்கள் சிலர் இன்றும் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். மீன் சந்தையில் சற்று நேரம் நின்று பேச்சுக்குக் காதுகொடுத்தால் இதை நீங்களே உணர்வீர்கள்.

நீர்கொழும்புக்குப் பின் புத்தளம் வீதியில் ஏறிக்கொள்ளலாம். கொச்சிக்கடையில் மாஓயாவைக் கடந்ததும் மேல் மாகாணம் முடிந்து வடமேல் மாகாணம் தொடங்குகிறது. வைக்காலில் ஓட்டுத் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள், வென்னப்புவையில் இத்தாலியில் உழைத்தவர்கள் கட்டிய பெரிய வீடுகள், மஹவெவயில் பத்திக் துணிக் கடைகள், இடையெல்லாம் தென்னந்தோப்புகள் என்று இந்தப் பகுதி விரைவாகக் கடந்துவிடும். அடுத்து நிற்க வேண்டிய இடம் மாதம்பை.

மாதம்பையில் வீதியை ஒட்டி, முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் ஒரு குதிரைச் சிலை இருக்கிறது. கோட்டை இராச்சியத்தின் அரச குடும்பத்தைச் சேர்ந்த தனியவல்லபன் என்ற சிற்றரசன் இப்பகுதியை ஆண்டு, இறந்த பின் தெய்வமாக வழிபடப்பட்டான். அவனுடைய தேவாலயம் இது. இவ்விடத்தை வணங்காமல் குதிரையில் விரைந்து சென்ற ஒருவன் தூக்கி எறியப்பட்டு மாண்டான் என்பது ஊரார் சொல்லும் கதை. இன்றும் லொறிச் சாரதிகள் இங்கே வேகத்தைக் குறைக்கிறார்கள். பஸ் நடத்துநர் இறங்கி ஓடிப்போய் உண்டியலில் சில்லறை போட்டுவிட்டு, நகரத் தொடங்கிய பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறார். குதிரையில் இருந்து விழுந்தவனின் கதையை இரு சக்கரத்தில் செல்பவர் கேட்கும்போது அதற்குத் தனி அழுத்தம் கிடைத்துவிடுகிறது. நானும் அங்கே இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, கும்பிட்டுவிட்டுத்தான் செல்வேன்.

சிலாபத்தில் இருந்து குருநாகல் செல்லும் வீதியில் சிறிது தூரம் உள்ளே போனால் முன்னேஸ்வரம். இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 15ஆம் நூற்றாண்டில் கோட்டையில் இருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு இக்கோயிலுக்கு நிலம் வழங்கியதைக் கல்வெட்டுக் கூறுகிறது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். 18ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதை மீண்டும் எழுப்பினான். சிங்கள நாட்டு மன்னர்கள் இருவர் பேணிய சிவன் கோயில் என்ற இந்த ஒரு செய்தியே இலங்கை வரலாற்றைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பலவற்றை மறுபடி யோசிக்கச் செய்யும். வடிவாம்பிகை சமேத முன்னைநாதரைத் தரிசித்துவிட்டு, அருகிலுள்ள பத்திரகாளி கோயிலுக்கும் செல்லுங்கள். அங்கே நேர்த்தி வைக்க வருவோரில் பெரும்பாலோர் சிங்கள பௌத்தர்கள். ஆவணி மாதத்தை ஒட்டிய பெருவிழாக் காலத்தில் நெரிசல் மிகுதியாக இருக்கும் என்பதால், அமைதியாகப் பார்க்க விரும்புபவர் மற்ற மாதங்களைத் தேர்ந்துகொள்வது நல்லது.

சிலாபத்தைக் கடந்தபின் வீதியின் இரு பக்கமும் தென்னை குறைந்து வெளி அகலும். முந்தலுக்கு முன்னதாக இடப்பக்கம் கடலை நோக்கிப் பிரியும் கிளை வீதியில் சென்றால் உடப்பு. இந்தப் பயணத்தில் என் மனம் அதிகம் ஒன்றிய ஊர் இதுதான். சுற்றிலும் சிங்கள ஊர்கள் இருக்க, தமிழ் இந்து மீனவர்கள் தம் மொழியையும் வழக்குகளையும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் ஊர். இங்குள்ள திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆடி மாதத்தை ஒட்டிப் பாரதக் கதையைத் தழுவி விழா நடந்து, தீமிதிப்புடன் நிறைவு பெறுகிறது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் காலையில் போய்ச் சேர்ந்தால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். வலையின் இரண்டு கயிறுகளும் கரையில் வெகு தூரம் தள்ளித் தள்ளி வந்து சேர்கின்றன. ஒவ்வொரு கயிற்றையும் ஒரு வரிசையாக ஆட்கள் பிடித்துப் பின்னோக்கி நடக்கிறார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு முன்னால் ஓடி நீர் விளிம்பில் மறுபடி பிடித்துக்கொள்கிறார். வலையின் மடி கரையை நெருங்க நெருங்க இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. ஒருவர் பாடலை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே குரலில் வாங்கிப் பாடி இழுக்கிறார்கள். அம்பாப் பாடல் என்று இவர்கள் சொல்லும் இந்தத் தொழிற்பாடல்களைத் தொகுத்துப் பாதுகாக்க இன்னும் நிறையச் செய்ய வேண்டும் என்று அங்கே நின்ற ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றியிருக்கிறது. தொழில் செய்பவர்களைப் படம் எடுக்கும் முன் "அண்ணை, எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் கயிற்றில் உங்களையும் கை வைக்கச் சொல்வார்கள்.

இங்கே ஒரு சிறு நடைமுறைக் குறிப்பு. உடப்பு முதல் கற்பிட்டி வரை நிலம் மணற்பாங்கானது; பக்கத் தாங்கியைப் போட்டுவிட்டு அப்படியே போனால் அது மணலில் புதைந்து வண்டி சரியும். தட்டையான கல் ஒன்றையோ ஒரு தேங்காய்ச் சிரட்டையையோ தாங்கியின் கீழ் வைத்துவிட்டுச் செல்லுங்கள். உப்புக் காற்றும் மணலும் செயினை விரைவில் உலர்த்திவிடும் என்பதால் சிறு போத்தல் செயின் எண்ணெயும் பையில் இருக்கட்டும்.

பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் பிரிவது கற்பிட்டி வீதி. நேரே சற்றுத் தூரத்தில் புத்தளம். முதலில் புத்தளம் நகருக்குச் சென்று வருவதையே நான் விரும்புவேன். இப்னு பட்டூட்டா என்ற மொறோக்கோ நாட்டுப் பயணி 1344இல் இலங்கையில் வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். யாழ்ப்பாண அரசனான ஆரியச்சக்கரவர்த்தியை அவர் சந்தித்ததும் இங்கேதான். கரையில் குவிந்து கிடந்த கறுவாவையும், அரசனுடைய முத்துகளையும், அரசனுக்குப் பாரசீக மொழி விளங்கியதையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். பாவா ஆதம் மலை எனப்படும் சிவனொளிபாத மலைக்குச் செல்ல விரும்பிய அவருக்கு அரசன் பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்தான். அவர்கள் தெற்கு நோக்கிப் போகையில் தங்கிய ஊர்களில் ஒன்று சிலாபம் என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். அதாவது நாம் வடக்கு நோக்கி வந்த இதே கரை வழியில், ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் அவர் தெற்கு நோக்கிச் சென்றிருக்கிறார்.

புத்தளத்தின் உப்பளங்களைக் களப்பின் ஓரமாகப் பார்க்கலாம். நகரின் தேநீர்க் கடைகளில் யாழ்ப்பாணத்துப் பேச்சும் மன்னார்ப் பேச்சும் கேட்கும். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் இந்த மாவட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்; பலர் இன்றும் இங்கேயே இருக்கிறார்கள். யாரேனும் தம் சொந்த ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவசரப்படாமல் இருந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

பாலாவியில் இருந்து கற்பிட்டி ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பெற்றோலைப் புத்தளத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியும் காற்றாலைகளும் வெகு தூரத்தில் இருந்தே தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்று நிலம் குறுகும் இந்த வீதியில் பக்கக் காற்றுப் பலமாக அடிக்கும். மே முதல் செப்ரெம்பர் வரை பிற்பகலில் இலகுவான வண்டிகளைத் தள்ளிவிடும் அளவுக்கு இருக்கும். சனவரி முதல் மார்ச் வரையான மாதங்களே இப்பயணத்துக்கு மிகவும் ஏற்றவை. போகும் வழியில் தலவிலையில் புனித அன்னம்மாள் திருத்தலம் இருக்கிறது.

கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் தொடங்கிக் கட்டினர். கண்டி அரசுக்குக் கடல்வழி வணிகத்துக்கு இருந்த வாசல்களில் புத்தளம் முக்கியமானது. புத்தளத்துக்கு வரும் கப்பல்கள் களப்பின் வாயைக் கடந்தே ஆக வேண்டும். களப்பின் வாயில் நிற்பது கற்பிட்டி. உப்பையும் பாக்கையும் அங்கே மறித்துவிட்டால் மலைநாட்டு அரசனை நெருக்கலாம் என்பதே கணக்கு. பவளப் பாறைக் கற்களால் எழுந்த மதில்கள் இன்னும் உறுதியாக நிற்கின்றன. கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருப்பதால் வாயிலில் தேசிய அடையாள அட்டையைக் காட்டி அனுமதி கேட்க வேண்டும். அருகே ஒல்லாந்தர் காலத் தேவாலயம் ஒன்றும் உண்டு.

இவ்வளவு தூரம் நான் உங்களை வரச் சொல்வதற்குக் கோட்டையை விடப் பெரிய காரணம் ஒருவர். 1807இல் இதே கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, நாம் கடந்து வந்த கற்பிட்டி, புத்தளம், சிலாபம் பகுதிகளில் அரச பணி புரிந்துகொண்டே, இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் விவரிக்கும் ஆங்கில நூலை 1834இல் வெளியிட்டார். 1859இல், தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டி 'தமிழ் புளூட்டாக்' என்ற நூலைத் தந்தார். 1860இல் காலமானார். நூலகமோ ரயிலோ இல்லாத ஒரு மணல் தீபகற்பத்தில் வளர்ந்தவர் இதைச் செய்தார் என்பதை, அந்த மணலில் நின்று நினைத்துப் பார்ப்பது வேறு. தமிழ் இலக்கிய வரலாறு படித்த ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் கற்பிட்டிக்கு வர வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

இரவைக் கற்பிட்டியிலேயே கழியுங்கள். எளிய தங்குமிடங்கள் கிடைக்கும். கற்பிட்டி வீதியிலும் புத்தளத்தைச் சுற்றியும் கழுதைகள் கூட்டமாகத் திரிவதால், இருட்டியபின் அங்கே வண்டி ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். அவை முன்விளக்கைக் கண்டு விலகுவதில்லை. மறுநாள் வெயில் ஏறும் முன் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குச் சிலாபத்தை அடைந்துவிடலாம். ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் புத்தளத்தையும் கற்பிட்டியையும் இன்னொரு முறைக்கு வைத்துவிட்டு, விடிய முன் புறப்பட்டு நேரே உடப்புக்குப் போய், திரும்பும் வழியில் முன்னேஸ்வரத்தையும் மாதம்பையையும் நீர்கொழும்பையும் பாருங்கள். கரைவலை காலையில்தான் கரையேறும்.