தடுப்பு மருந்து கொடுத்தும் கம்போரோ வருவது ஏன்?

கேள்வி: எங்கள் பிராய்லர் குஞ்சுகளுக்கு 14ஆம் நாளில் குடிநீரில் கம்போரோ தடுப்பு மருந்து கொடுத்தோம். ஆனாலும் 24ஆம் நாளில் நோய் கண்டு பல குஞ்சுகள் மடிந்தன. மருந்தில்தான் குறையா?
– வாசகி, திருவட்டாறு

பதில்: உங்கள் இழப்பு மிகுந்த வருத்தம் தருகிறது. மருந்தைக் குறை சொல்வதற்கு முன், தாய்க்கோழியிடமிருந்து மஞ்சள் கரு வழியே குஞ்சுக்குக் கிடைக்கும் எதிர்ப்பாற்றலைக் கணக்கில் கொள்ள வேண்டும். அது மிகுந்திருக்கும் நாளில் கொடுக்கும் உயிருள்ள மருந்தை (வலுக்குறைத்த வைரஸைக் கொண்ட தடுப்பு மருந்தை) அதுவே செயலிழக்கச் செய்துவிடும். அது தேய்ந்த பிறகு கொடுத்தாலோ, பண்ணையிலுள்ள வைரஸ் முந்திக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சரியான நாள் ஒரே தொகுதியிலும் குஞ்சுக்குக் குஞ்சு மாறுவதால்தான், இரத்த மாதிரியில் எதிர்ப்பாற்றலை அளந்து மருந்து கொடுக்கும் நாளைக் கணிக்கும் முறையை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள்.

அமெரிக்காவின் டெலவர் மாநிலத்துக் கம்போரோ பகுதியில் கண்டறியப்பட்டு, 1962இல் விவரிக்கப்பட்ட இந்நோய், எச்சத்துவாரத்துக்கு மேலே உள்ள ‘பர்சா’ என்னும் நோயெதிர்ப்புப் பையைத் தாக்குகிறது. இறந்த குஞ்சைக் கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டும்போது, அந்தப் பை வீங்கியிருப்பதையும் தொடைத் தசையில் இரத்தக் கீற்றுகள் ஓடுவதையும் நீங்களே பார்க்கலாம். பிழைத்த குஞ்சுகளிலும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து சரியாகப் பலிக்காமல் போகக்கூடும் என்பதே எனக்கு அதிகக் கவலை தருகிறது.

மருந்து கலந்தது குளோரின் சேர்ந்த குழாய் நீரா என்பதையும் பாருங்கள்; குளோரின் உயிருள்ள மருந்தை அழித்துவிடும். கிணற்று நீரே நல்லது, லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி சேர்த்து, 2 மணி நேரத்துக்குள் குடித்துத் தீரும்படி வையுங்கள். இந்த வைரஸ் கொட்டகையில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும் என்பதால், பழைய மரத்தூளை முழுவதும் அகற்றிக் கழுவிய பின்னரே அடுத்த தொகுதியை இறக்குங்கள்.