ஏன் பூக்கவில்லை? பூச்செடி வளர்ப்போர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி "என்ன உரம் போடலாம்?" என்றே முடிகின்றன. இத்தனை வருடத்தில் என் கையில் போன செடிகளில் பட்டினியால் போனவை மிகக் குறைவு. தண்ணீர் தேங்கி வேர் அழுகியவையும் வெயில் இல்லாமல் நலிந்தவையும்தான் அதிகம். அதனால் என் பதில்களில் உரம் கடைசியாகத்தான் வரும்.

கேள்வி: அக்கா, ஒட்டு ரோஜா வைத்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் வருடம் சிவப்பாக நிறையப் பூத்தது. இப்போது கிளைகள் ஆள் உயரத்துக்கு நீள்கின்றன, ஆனால் பூவே இல்லை. உரத்தை மாற்றலாமா?

பதில்: உரத்தை விடுங்கள், முதலில் தண்டின் அடியைப் பாருங்கள். ஒட்டுக் கட்டிய இடம் முடிச்சுப் போலப் புடைத்திருக்கும். அதற்குக் கீழிருந்து கிளம்பும் கிளை நீங்கள் வாங்கிய ரோஜாவே இல்லை. வேருக்காகச் சேர்த்த காட்டு ரகம் அது. வேகமாக வளர்ந்து, மேலே இருக்கும் நல்ல ரகத்தின் பங்கையும் உறிஞ்சிவிடும்.

"ஏழு இலை இருந்தால் காட்டுக் கிளை" என்று பலர் சொல்வார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள். நல்ல ரகங்களிலும் ஏழு சிற்றிலைகள் வரும். மண்ணைக் கொஞ்சம் விலக்கி, கிளை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதுதான் சரியான வழி. முடிச்சுக்குக் கீழே என்றால் கத்தரிக்கோல் வேண்டாம், அடியோடு பிய்த்து எடுங்கள். வெட்டினால் மிச்சமிருக்கும் கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். மேலே ஒரு நல்ல கிளை உயிரோடு இருந்தாலும் போதும், செடி மீண்டுவிடும்.

கேள்வி: ஒரே நாளில் வாங்கிய இரண்டு செவ்வந்தித் தொட்டிகள், ஒரே ரகம், ஒரே மண். பின்பக்கத்தில் இருப்பது மொட்டுவிட்டது. வாசல் பக்கத்தில் இருப்பது வெறும் இலையாக நிற்கிறது. வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வாசலில் இரவு முழுக்க விளக்கு எரிகிறதா? எரிகிறது என்றால் காரணம் அதுதான்.

செவ்வந்தி இரவின் நீளத்தைப் பார்த்துத்தான் மொட்டுவிடும். இரவு நீண்டு, அந்த இருட்டு தொடர்ந்து பல நாட்கள் குறையாமல் கிடைத்தால்தான் "பூக்கும் காலம் வந்தது" என்று அது எடுத்துக்கொள்ளும். நடு இரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலே அந்தக் கணக்கு குலைந்துவிடும். பகலின் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்று 1920-இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் விளக்கி எழுதினார்கள். இருட்டின் நீளமே முக்கியம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. வணிகத்துக்குச் செவ்வந்தி வளர்ப்பவர்கள் இதை வைத்தே வேலை செய்கிறார்கள். பூ தள்ளிப்போக வேண்டுமா, இரவில் விளக்குப் போடுவார்கள். முன்னதாக வேண்டுமா, மாலையிலேயே கறுப்புத் துணியால் மூடிவிடுவார்கள்.

நீங்கள் தொட்டியை இருட்டான பக்கம் மாற்றினால் போதும். மாற்ற முடியாவிட்டால் மாலை 6 மணிக்கு ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் காலை 8 மணிக்கு எடுங்கள். மொட்டில் நிறம் தெரியும் வரை ஒரு நாளும் விடாமல் செய்ய வேண்டும். அப்புறம், செடி கிளைக்கட்டும் என்று நுனி கிள்ளுபவராக இருந்தால் அதை இப்போதே நிறுத்திவிடுங்கள். மொட்டு அந்த நுனியில்தான் வரும்.

கேள்வி: காகிதப்பூச் செடிக்குத் தினமும் தண்ணீர், வாராவாரம் உரம். இலை அடர்ந்து கிடக்கிறது, பூ இல்லை.

பதில்: இரண்டையும் நிறுத்துங்கள். இலை லேசாகத் துவளும் வரை காத்திருந்து தண்ணீர் விடுங்கள். நேரடி வெயில் குறைந்தது 5 மணி நேரமாவது வேண்டும். தழைச்சத்து கூடினால் இலைதான் வரும். நாம் பூ என்று ரசிக்கும் வண்ண இதழ்களும் உண்மையில் இலைகளே. நடுவில் சின்னதாக, வெளிறிய குழல் போல இருப்பதுதான் பூ.

கேள்வி: அம்மா, செம்பருத்தியில் மாவுப்பூச்சி. மூன்று முறை மருந்தடித்தும் திரும்ப வருகிறது.

பதில்: செடியில் எறும்பு ஏறுகிறதா பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கும், பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டுகளையும் விரட்டும். எறும்பைத் தடுக்காமல் அடிக்கும் மருந்து வீண். தொட்டியை ஒரு மேடையில் ஏற்றி, மேடையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வையுங்கள். செடி சுவரையோ மற்ற செடியையோ தொடக் கூடாது.

பிறகு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி வெள்ளையைக் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், அது கலப்பதற்குச் சில துளி சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் இறங்கியதும் தெளியுங்கள். இலையின் அடிப்பக்கமும் கணு இடுக்குகளும் முக்கியம். முட்டை பொரித்து வரும் குஞ்சுகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒரு முறை, மூன்று வாரமாவது செய்யுங்கள்.

கேள்வி: தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும்தானே?

பதில்: நானும் பல வருடம் அப்படித்தான் போட்டேன். உண்மையில் அது உதவாது. நுண்ணிய மண்ணில் இருக்கும் நீர், கீழே இருக்கும் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுக்க ஊறிய பிறகுதான் சொட்டும். ஜல்லி போட்டால் அந்த ஊறிய பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும்.

நனைந்த பஞ்சு ஒன்றைக் கிடையாகப் பிடியுங்கள். சொட்டு நின்றதும் நிமிர்த்துங்கள், இன்னும் நீர் வடியும். தொட்டியிலும் மண்ணின் உயரம் கூடினால் வடிதல் நன்றாக இருக்கும். ஜல்லியை எடுத்துவிட்டு, மண் கலவையிலேயே கரடான மணலும் தேங்காய் நார்த்தூளும் சேருங்கள். அடித்துளை மண்ணால் அடைபடாமல் இருக்க, அதன் மேலே ஒரு வலைத் துண்டு போதும்.

கேள்வி: இலை மஞ்சளாகிறது. எப்சம் உப்பு போடலாமா?

பதில்: எந்த இலை என்று பார்த்துச் சொல்லுங்கள். பழைய இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறை, அதற்குத்தான் அந்த உப்பு. அதே தோற்றம் புதுத் துளிரில் வந்தால் இரும்புக் குறை, அதற்கு எப்சம் உப்பு பயன்படாது. எதற்கும் முதலில் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். எப்போதும் ஈரமாக இருந்தால், மூச்சுவிட முடியாத வேரால் எந்தச் சத்தையும் எடுக்க முடியாது.

கேள்வி: அடீனியத்தின் (பாலைவன ரோஜா) பருத்த அடித்தண்டு அழுத்தினால் மெத்தென்று அமுங்குகிறது. காப்பாற்ற முடியுமா?

பதில்: இன்றே மண்ணிலிருந்து எடுங்கள். வேர் நன்றாக இருந்து, தண்டு சுருங்கி மட்டும் இருந்தால் அது தாகம், தண்ணீர் விட்டால் சரியாகிவிடும். பழுப்பாகிக் குழைந்து நாற்றம் வந்தால் அழுகல். சுத்தமான கத்தியால், உள்ளே வெண்மையான கெட்டிச் சதை தெரியும் வரை செதுக்குங்கள். பழுப்பு ஒரு புள்ளிகூட மிஞ்சக் கூடாது. நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, வெட்டு இறுகிய பிறகு மணல் கூடிய கலவையில் நடுங்கள். அதற்கும் சில நாள் கழித்தே தண்ணீர். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடீனியத்தின் பால் நஞ்சு, செதுக்கிய துண்டுகள் குழந்தைகள் கைக்கோ நாய் பூனைகளுக்கோ எட்டக் கூடாது.