சிறுவர் விலங்கு நூல்களில் விலங்கின் பக்கத்தில் ஓர் ஆளின் உருவம் ஏன்?

டைனோசர், திமிங்கிலம் பற்றிய சிறுவர் புத்தகங்களில், விலங்கின் பக்கத்தில் ஓர் ஆள் கறுப்பு நிழலுருவாக நிற்பார். இதை அளவு ஒப்பீட்டுப் படம் என்பார்கள். விலங்கு, மனிதர் இரண்டையும் ஒரே விகிதத்தில் சுருக்கி வரைந்திருப்பார்கள்.

இது ஏன் வேண்டும்? எறும்பும் ஒரு பக்கத்தை நிரப்பும், 30 மீட்டர் வரை வளரும் நீலத் திமிங்கிலமும் அதே பக்கத்தை நிரப்பும். படத்தை மட்டும் பார்க்கிற குழந்தைக்கு இரண்டும் ஒரே அளவுதான். '30 மீட்டர்' என்று எழுதினாலும் ஆறு வயதில் அது வெறும் எண். ஆனால் ஆள் உயரம் தினமும் கண்ணில் படுவது. அந்தத் திமிங்கிலத்தின் நீளத்துக்குப் பெரியவர்கள் ஏறக்குறைய 17 பேர் வரிசையாகப் படுக்க வேண்டும் என்றால் சட்டென்று புரிந்துவிடும். கிளிஞ்சலைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு நாணயம் வைக்கிறோமே, அதே வேலைதான்.

என்னைக் கேட்டால், பெரியவருக்குப் பதில் ஒரு குழந்தையின் உருவத்தைப் போடுவது இன்னும் நல்லது. படிக்கிற பிள்ளை தன்னையே அங்கே நிறுத்திப் பார்க்கும்.

அப்புறம், பக்கத்தில் நிற்பதால் மனிதரும் டைனோசர்களும் ஒரே காலத்தில் வாழ்ந்ததாகப் பிள்ளைகள் நினைத்துவிடுவதுண்டு. அது தவறு: டைரனோசரஸ் அழிந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன, நம் இனம் தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான்.