பூச்சாடியில் வைக்கும் பூவின் தண்டை மறுபடி வெட்டச் சொல்வது ஏன்?

தண்டைப் புதிதாக வெட்டுவது என்றால், பூவைச் சாடியில் வைக்கும் முன் அடிநுனியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நறுக்கிவிடுவது. அவ்வளவுதான்.

காரணம் தண்டுக்குள் இருக்கிறது. இலையிலும் இதழிலும் நீர் ஆவியாக ஆவியாக, தண்டின் நுண்குழாய்கள் வழியே கீழிருந்து தண்ணீர் இழுபடும். பூவைப் பறித்த பிறகும் இந்த இழுவை நிற்பதில்லை. வெட்டிய நுனி தண்ணீரில் இல்லாதபோது, தண்ணீருக்குப் பதில் காற்று உள்ளே போய்விடும். மோட்டார் ஓடியும் குழாயில் காற்று அடைத்துத் தண்ணீர் வராமல் போகுமே, அதே கதைதான். சாடி நிறையத் தண்ணீர் இருந்தும் ரோஜா கழுத்து தொங்கிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். நுனியை நறுக்கினால் வழி திறக்கும். கத்தி கூராக இருக்கட்டும்; தண்டு நசுங்கினால் குழாய்களும் நசுங்கும். வெட்டியதும் உடனே தண்ணீரில் வையுங்கள்.

அப்புறம், தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை உருவிவிடுங்கள். அவை அழுகி, பாக்டீரியா பெருகி, அதே குழாய்களை அடைக்கும். தண்டைத் தொட்டால் வழவழவென்று இருக்கிறதா? சாடியைத் தேய்த்துக் கழுவி, மறுபடி ஒரு வெட்டு. என்னைக் கேட்டால், அடுக்கும் அழகைவிட இந்தச் சுத்தம் முக்கியம்.

சாய்வாக வெட்டினால் தண்ணீர் அதிகம் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். எப்படி வெட்டினாலும் குழாய்களின் எண்ணிக்கை ஒன்றுதான், நுனி சாடியின் அடியில் ஒட்டி அடைபடாமல் இருக்கவே அந்தச் சாய்வு.