போயா நாளில் அரை மணி நேரம்: சென்ட்ஓஎஸ் 7 சேர்வரை மாற்றுவது எப்படி?

கேள்வி: புறக்கோட்டையில் துணி மொத்த வியாபார நிறுவனம் ஒன்றின் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். ஒரேயொரு சேர்வர்தான், அதில் ஓடுவது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓஎஸ். பில், ஸ்டொக் எல்லாம் மரியாடிபி 5.5 டேட்டாபேஸில் இருக்கின்றன, ஏறக்குறைய 40 ஜிபி. சுங்கப் பத்திரங்களும் பழைய பில்களும் ஸ்கேன் செய்த கோப்புகளாக 900 ஜிபி. ஆரம்பத்தில் இரண்டு டிஸ்க்கை மென்பொருள் மிரராக, அதாவது ஒன்றின் நகல் மற்றதிலும் இருக்கும்படி, போட்டார்கள். இடம் போதாமல் போனபோது இன்னொரு பெரிய மிரரைச் சேர்த்து, இரண்டையும் எல்விஎம்மில் (டிஸ்க் இடத்தை ஒன்றுசேர்த்து வொலியூம்களாகப் பங்கிடும் லினக்ஸ் அமைப்பு) ஒரே வொலியூம் குரூப் ஆக்கிவிட்டார்கள். வெள்ளவத்தைக் கடையும் வத்தளை ஸ்டோரும் இந்தச் சேர்வரை நம்பித்தான் இருக்கின்றன. அரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது என்கிறார் முதலாளி. ஓஎஸ், எல்விஎம் இரண்டையும் எப்படிப் புதுப்பிப்பது? எதை முதலில் தொடுவது?

பதில்: எல்விஎம்மைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டியதில்லை. அதன் கருவிகள் ஓஎஸ்ஸோடு சேர்ந்தே வருகின்றன. டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்கும் எல்விஎம்2 வடிவம் 7-க்கும் 9-க்கும் ஒன்றுதான். பழைய குரூப்பைப் புதிய ஓஎஸ் அப்படியே படிக்கும். ஒன்றை மட்டும் இன்றே பாருங்கள்: பிவிஎஸ் கட்டளை காட்டும் வடிவப் பத்தியில் எல்விஎம்2 என்று இருக்கிறதா? எல்விஎம்1 என்று இருந்தால், அதை எல்விஎம்2 ஆக மாற்றிய பிறகே மேலே போங்கள். புதிய பதிப்புகள் பழைய வடிவத்தைக் கைவிட்டுவிட்டன.

சென்ட்ஓஎஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30-உடன் நின்றுவிட்டன. ஆகவே தள்ளிப்போடாதீர்கள். போக வேண்டிய இடமாக நான் சொல்வது, சென்ட்ஓஎஸ்ஸைப் போலவே ரெட் ஹாட் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட அல்மாலினக்ஸ் 9. அதற்கு 2032 வரை ஆதரவு உண்டு.

இருந்த இடத்திலேயே 7-ஐ 8 ஆக்கி, பிறகு 9 ஆக்கும் லீப், எலிவேட் கருவிகள் இருக்கின்றன. ஒரேயொரு வேலை செய்யும் சின்னச் சேர்வருக்கு அவை நல்லவை. உங்கள் சேர்வருக்கு வேண்டாம் என்பேன். இரண்டு தாவல், ஒவ்வொன்றிலும் பல ரீபூட். அந்த நேரம் முழுக்கச் சேர்வர் தன்பாட்டில் ஏதோ செய்துகொண்டிருக்கும். எப்போது முடியும் என்று முதலாளிக்கு உங்களால் சொல்ல முடியாது. “எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டுச் செய்தால் திரும்பி வரலாமே” என்று சிலர் சொல்வார்கள். ஸ்னாப்ஷாட் என்பது வொலியூமின் அந்தக் கணத்து நிலையைப் பதிந்து வைப்பது. சென்ட்ஓஎஸ் 7-இல் பூட் பகுதி வழக்கமாக எல்விஎம்முக்கு வெளியே இருக்கும். ஸ்னாப்ஷாட்டால் ரூட் (ஓஎஸ் இருக்கும் வொலியூம்) திரும்பி வரும், பூட் பகுதியில் இருக்கும் கெர்னல் திரும்பி வராது. அதோடு, ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிறைந்தால் அது செல்லாததாகிவிடும். ஆயிரக்கணக்கான பொதிகளை மாற்றும் இரவில் அது நிறையத்தான் செய்யும்.

நான் செய்யும் முறை வேறு. ஓடிக்கொண்டிருக்கும் ஓஎஸ்ஸில் கை வைக்காமல், புதியதை வெளியே முழுதாகக் கட்டி முடித்து, கடைசியில் டிஸ்க்கை மட்டும் மாற்றுவது. இரண்டு புதிய எஸ்எஸ்டி வாங்குங்கள், 480 ஜிபி போதும். அவற்றை ஒரு மேசைக் கணினியில் பொருத்தி, மிரராக அல்மாலினக்ஸ் 9-ஐ நிறுவுங்கள். 40 ஜிபி டேட்டாபேஸும் அந்த எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும். 900 ஜிபி கோப்புகளை எங்கேயும் நகலெடுத்து நகர்த்த வேண்டாம். அவை இருக்கும் டிஸ்க்கிலேயே புதிய ஓஎஸ்ஸிடம் வந்து சேரும்.

அதற்கு முதலில் குரூப்பைப் பிரிக்க வேண்டும். இப்போது ரூட்டும் தரவும் இரண்டு மிரர்களிலும் கலந்து கிடக்கலாம். பழைய மிரரைக் கழற்றினால் குரூப்பே அரைகுறையாகிவிடும். முதலில் விஜிசிஎஃப்ஜிபேக்அப் கட்டளையால் குரூப்பின் வரைபடத்தை எடுத்து யூஎஸ்பியில் வையுங்கள். கோப்புகளின் பேக்அப்பும் வேறிடத்தில் இருக்க வேண்டும். பிறகு பிவிமூவ் கட்டளையால், கோப்புகளும் டேட்டாபேஸும் இருக்கும் தரவு வொலியூமின் துண்டுகள் எல்லாவற்றையும் பெரிய மிரருக்கும், ரூட், ஸ்வாப் துண்டுகளைப் பழைய மிரருக்கும் தள்ளுங்கள். இதற்குச் சேர்வரை நிறுத்த வேண்டியதில்லை. பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே நகரும். கொஞ்சம் மந்தமாகும், ஆகவே இரவில் ஓடவிடுங்கள்.

கொழும்பில் இருக்கும் எவருக்கும் அடுத்த கேள்வி தெரியும்: நடுவில் கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில், மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம்வரை போன அந்த நாட்களில், மருதானையில் ஓர் அலுவலகத்தில் எனக்கு இதுவே நடந்தது. பிவிமூவ் பாதி ஓடியிருந்தது, யூபிஎஸ் பற்றரி தீர்ந்து சேர்வர் விழுந்தது. கரண்ட் வந்ததும் எந்த டிஸ்க்கையும் குறிப்பிடாமல் பிவிமூவ் என்று மட்டும் அடித்தேன். கடைசியாகக் குறித்து வைத்த இடத்திலிருந்து அது தொடர்ந்தது. ஒரு கோப்பும் போகவில்லை. ஒரு துண்டு புதிய இடத்தில் முழுதாக எழுதப்பட்ட பிறகே பழைய இடம் விடுவிக்கப்படும் என்பதால்தான் இந்தத் துணிவு. ஆனாலும் யூபிஎஸ் பற்றரியை முன்கூட்டியே சோதியுங்கள்.

துண்டுகள் பிரிந்த பிறகு, ஒரு நாள் கடை மூடியதும், கோப்புகளைக் கடைக் கணினிகளோடு பகிரும் சம்பாவையும் டேட்டாபேஸையும் நிறுத்தி, தரவு வொலியூமை அன்மவுண்ட் செய்து செயலிழக்க வைத்து, விஜிஸ்பிளிட் கட்டளையால் பெரிய மிரரைப் புதுப் பெயரில் தனிக் குரூப் ஆக்குங்கள். ஐந்து நிமிட வேலை. பூட் ஆகும்போது எதை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய குரூப் பெயர் இருந்தால், அதை யூயூஐடிக்கு (பெயர் மாறினாலும் மாறாத அடையாள எண்) மாற்றாமல் விடாதீர்கள். மறந்தால் அடுத்த ரீபூட்டில் சேர்வர் அவசர நிலையில் போய் நிற்கும். காலை எட்டு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து அழைப்பு வரும். அதே இரவில் மரியாடிபியில் பைனரி லொக்கையும் (டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களின் பதிவு) இயக்கிவிடுங்கள். 5.5-இல் அது தானாக இயங்காது, ஒரு ரீஸ்டார்ட் தேவை.

இனி எஸ்எஸ்டிப் பக்கம். அல்மா 9 தரும் மரியாடிபி 10.5-ஐ, ஓடிக்கொண்டிருக்கும் 5.5-இன் ரெப்ளிக்கா, அதாவது அந்த மாற்றங்களைத் தொடர்ந்து வாங்கிக்கொள்ளும் நகல், ஆக்குங்கள். பழையதிலிருந்து புதியதற்குப் பிரதி போகும்; திரும்பி வராது. முதல் நகலை சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன் முறையில் எடுத்தால் கடை பூட்டப்படாது, ஆனால் அட்டவணைகள் எல்லாம் இன்னோடிபி வகையாக இருக்க வேண்டும். மையைசாம் அட்டவணை ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால் முதலில் மாற்றுங்கள். பயனர், கடவுச்சொல் இருக்கும் மைஎஸ்க்யூஎல் என்ற உள் டேட்டாபேஸை மட்டும் கொண்டுபோகாதீர்கள், 10.4-இலிருந்து அதன் அமைப்பே வேறு. பயனர்களைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள்.

பில் மென்பொருளைப் புதிய டேட்டாபேஸின் தனி நகல் ஒன்றோடு இணைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். 5.5-இல் ஒரு பத்திக்கு அளவுக்கு மிஞ்சிய பெயரை எழுதினால் அது சத்தமில்லாமல் வெட்டி எழுதிக்கொள்ளும். 10.2.4-க்குப் பிறகு மரியாடிபி இயல்பாகவே கண்டிப்பான முறையில் ஓடுகிறது. அதே பெயரை வேண்டாம் என்று திருப்பிவிடும். பில் நின்றுபோகும், காசாளருக்குக் காரணம் புரியாது. தமிழ், சிங்களப் பெயர்களையும் திறந்து பாருங்கள். பழைய அட்டவணைகள் பெரும்பாலும் லத்தீன்1 என்ற எழுத்துக் குறியீட்டு அமைப்பில் இருக்க, அதற்குள் யூனிகோட் எழுத்துகள் புகுந்திருக்கும். மென்பொருள் புதிய இணைப்பில் யூடிஎஃப்8 (யூனிகோட் குறியீடு) பேசத் தொடங்கினால் “செல்வராசா ஸ்டோர்ஸ்” விளங்காத குறிகளாகத் தெரியும். பாமினி எழுத்துருவில் தட்டச்சிய பழைய பெயர்கள் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். இந்தச் சந்தடியோடு சேர்த்து எல்லாவற்றையும் யூடிஎஃப்8 ஆக்கிவிடலாம் என்ற ஆசை வரும். அது தனி வேலை, வேறொரு நாளுக்கு விடுங்கள். இப்போதைக்கு இணைப்பைப் பழையபடி லத்தீன்1-இலேயே வைத்திருங்கள்.

மேசைக் கணினியில் நிறுவியதைச் சேர்வருக்கு மாற்றும்போது இடறும் இடங்கள் சில உண்டு. ரெட் ஹாட் குடும்பத்தில், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு, நிறுவிய இயந்திரத்துக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு கட்டப்படும். சேர்வரின் டிஸ்க் கார்டுக்கு உரியது அதற்குள் இருக்காது. டிராகட் கட்டளையை நோ-ஹொஸ்ட்ஒன்லி தெரிவோடு ஓட்டி மீண்டும் கட்டிக்கொள்ளுங்கள். நெட்வொர்க் கார்டின் பெயரும் சேர்வரில் வேறாக வரும். அமைப்பைப் பெயரால் கட்டாமல் சேர்வர் கார்டின் மேக் முகவரியால் கட்டுங்கள். சேர்வர் பழைய பயோஸ் முறையில் பூட் ஆகிறதென்றால், மேசைக் கணினியிலும் அதே முறையில் நிறுவுங்கள்.

இதையெல்லாம்விட என்னை அதிகம் கவலைப்படுத்துவது டிஸ்க் கார்டுதான். ரெட் ஹாட் 8-இலிருந்து பல பழைய கார்டுகளின் ஆதரவைக் கழற்றிவிட்டார்கள். எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ் 2008 சிப் உள்ள கார்டுகளும் அவற்றில் அடங்கும். இங்கே செகண்ட் ஹேண்டாக வந்த சேர்வர்களில் அவை நிறைய. அல்மாலினக்ஸ் 9.4-இலிருந்து இப்படிக் கழற்றப்பட்ட பலவற்றைத் திரும்பச் சேர்த்தது. நான் அல்மாவைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். நம்பிக்கையின் பேரில் விடாமல், ஒரு ஞாயிறு மாலை ஒத்திகை பாருங்கள். சேர்வரை அணைத்து, பழைய டிஸ்க் நான்கையும் எந்த இடத்தில் எது என்று எழுதி ஒட்டிக் கழற்றி, எஸ்எஸ்டி இரண்டையும் போட்டு பூட் செய்யுங்கள். லொகின் திரை வந்து நெட்வொர்க்கும் எழுந்தால் போதும். பழைய டிஸ்க்குகள் வெளியே இருப்பதால் எதுவும் கெடாது. திரும்ப மாற்றிவைத்ததும் ரெப்ளிக்கா விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். இதற்கு எத்தனை நிமிடம் பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலாளிக்குச் சொல்ல வேண்டிய கணக்கு அதுதான்.

மாற்றும் நாளாகப் பௌர்ணமி விடுமுறையான போயாவைத் தேர்ந்தெடுங்கள். புறக்கோட்டை மூடியிருக்கும், வங்கியும் இல்லை. சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்மஸ் வியாபாரத்துக்கு முந்திய போயாக்களைத் தவிருங்கள். திட்டத்தை அரை மணிக்கே போடுங்கள், மிச்ச நாள் உங்கள் கையிருப்பு.

அன்று பழைய டேட்டாபேஸை ரீட் ஒன்லி ஆக்கி, ரெப்ளிக்கா கடைசி வரிவரை வந்து சேர்ந்ததைப் பார்த்து, ரெப்ளிக்கா இணைப்பைத் துண்டியுங்கள். இரண்டு இயந்திரங்களையும் அணைத்து, பழைய ரூட் டிஸ்க் இரண்டையும் கழற்றி எஸ்எஸ்டிகளைப் போடுங்கள். தரவு மிரர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பூட் ஆனதும் விஜிஎஸ் என்று அடிப்பீர்கள். தரவுக் குரூப் அங்கே இருக்காது. தயவுசெய்து இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். 9-இல் எல்விஎம் ஒரு பட்டியல் கோப்பை வைத்திருக்கிறது, ஈடிசி அடைவில் எல்விஎம் டிவைசஸ் என்பதற்குள். அந்தப் பட்டியலில் இல்லாத டிஸ்க் கண்முன்னே இருந்தாலும் எல்விஎம் அதைப் பார்க்காது. நிறுவும்போது அங்கே இருந்த டிஸ்க்குகள் மட்டுமே பட்டியலில் ஏறியிருக்கும். இது தெரியாதவர்கள், டிஸ்க் வெறுமையாகிவிட்டது என்று பயந்து பிவிகிரியேட் அடிப்பார்கள். 900 ஜிபியும் உண்மையில் ஆபத்தில் விழுவது அப்போதுதான். நீங்கள் விஜிஇம்போர்ட்டிவைசஸ் கட்டளையோடு குரூப்பின் பெயரைக் கொடுங்கள். பட்டியலில் ஏறிவிடும், கோப்புகள் அப்படியே இருக்கும். மிரரின் எண் 127 என்று மாறி வந்தாலும் பயமில்லை, எல்விஎம் யூயூஐடியைத்தான் பார்க்கிறது.

ஐபி முகவரி பழையதே என்பதால் கடைக் கணினிகளில் எதையும் மாற்ற வேண்டாம். ஸ்கேன் செய்து நேரே சேர்வருக்கு அனுப்பும் போட்டோகொப்பி மெஷினை மட்டும் உடனே சோதியுங்கள். புதிய சம்பா, எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை இயல்பாக ஏற்காது. பழைய மெஷின்களுக்கு அது மட்டும்தான் தெரியும். அப்படியானால் அதை எஃப்டிபிக்கு மாற்றுங்கள், சேர்வரில் எஸ்எம்பி 1-ஐத் திறந்துவிடாதீர்கள்.

இருபதாவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுங்கள். சோதனை பில் ஒன்று அச்சாகிறதா, ஸ்டொக் சரியாகத் தெரிகிறதா, பழைய சுங்கப் பத்திரம் ஒன்று திறக்கிறதா? மூன்றில் ஒன்று பிழையானாலும் எஸ்எஸ்டியைக் கழற்றிப் பழைய டிஸ்க்குகளைப் போட்டுவிடுங்கள். பழைய டேட்டாபேஸ் தரவு மிரரில் நிறுத்திய இடத்திலேயே இருக்கிறது. மூன்றும் சரி என்று தெரியும்வரை வெள்ளவத்தைக்கும் வத்தளைக்கும் வழி திறக்காதீர்கள். முதல் உண்மையான பில் புதியதில் விழுந்த பிறகு திரும்பினால், அந்த பில்களை ஒவ்வொன்றாகக் கையால் பழையதில் போட வேண்டியிருக்கும்.

பழைய ரூட் டிஸ்க் இரண்டையும் தேதி எழுதி அலுமாரியில் வையுங்கள். ஒரு மாத முடிவுக் கணக்கும் ஒரு வற் அறிக்கையும் புதிய சேர்வரிலிருந்து சரியாக வெளிவரும்வரை அவற்றை வேறெதற்கும் எடுக்க வேண்டாம்.