வகையிடல் தெரியாமல் பரவளையத்தின் தொடுகோட்டுச் சமன்பாட்டைக் காண முடியுமா?

தாராளமாக முடியும். ஒய் = எக்ஸ்² என்ற பரவளையத்துக்கு (3, 9) புள்ளியில் தொடுகோடு வேண்டும், வகையிடல் பாடம் இன்னும் வகுப்பில் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வகையிடல் முடித்துவிட்டு டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கும் நான் முதலில் இந்த வழியைத்தான் போட்டுக் காட்டுவேன்.

(3, 9) வழியாக எத்தனையோ கோடுகள் போகும். அவற்றில் ஒன்றின் சாய்வு 'ம' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சமன்பாடு ஒய் = 9 + ம(எக்ஸ் − 3). அது பரவளையத்தை வெட்டும் இடத்தில் எக்ஸ்² − ம·எக்ஸ் + 3ம − 9 = 0.

இங்கே பலரும் உடனே, இரண்டு மூலங்களும் சமமா என்று காட்டும் தன்மைகாட்டியைப் பூச்சியமாக்கப் போய்விடுவார்கள். விடை வரும்தான், ஆனால் நடப்பது என்னவென்று தெரியாது. கோடு (3, 9) வழியாகத்தானே போகிறது? அப்படியென்றால் ஒரு மூலம் 3. மூலங்களின் கூடுதல் ம. ஆகவே இன்னொரு மூலம் ம − 3. சாய்வு 4 என்றால் கோடு மறுபடி எக்ஸ் = 1இல் வெட்டும்; 5 என்றால் 2இல்; 5.9 என்றால் 2.9இல். இரண்டாவது வெட்டுப்புள்ளி முதலாவதை நோக்கி நகர்ந்து வருவதைப் பாருங்கள். சாய்வு 6 ஆனதும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தொடுகோடு ஒய் = 6எக்ஸ் − 9. பின்னால் 'எல்லை' என்று படிக்கப்போவது இந்த நகர்வைத்தான்.

அந்த −9ஐயும் கவனியுங்கள். தொடும் புள்ளி முனையிலிருந்து, அதாவது பரவளையம் திரும்பும் இடத்திலிருந்து, 9 அலகு உயரத்தில் இருக்கிறது. தொடுகோடு பரவளையத்தின் சமச்சீர் அச்சை முனைக்கு 9 அலகு கீழே வெட்டுகிறது. எந்தப் பரவளையத்துக்கும் இந்த இரண்டு தூரங்களும் சமமாகத்தான் இருக்கும். ஆயத்தொலைவு முறையே இல்லாத காலத்தில், சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன், பெர்கா ஊர் அப்பலோனியஸ் இதை வடிவியலால் நிறுவியிருக்கிறார். ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + 7க்கு முனை (2, 3). அதில் (5, 12)ஐ எடுத்தால் உயரம் 9; முனைக்குக் கீழே 9 போனால் (2, −6). இரண்டையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் தொடுகோடு கிடைத்துவிடும்; சாய்வு 18/3 = 6.

அடுத்து, (1, −3) வழியாகப் போகும் தொடுகோட்டுக்கு 'எக்ஸை இரட்டித்தால் சாய்வு' என்று நண்பர் சொன்னபடி 2 போட்டால் ஏன் தப்பாகிறது என்கிறீர்கள். அந்தப் புள்ளி ஒய் = எக்ஸ்² மேலேயே இல்லை! எக்ஸ் 1 ஆனால் வளைவரையில் ஒய் 1. நண்பர் சொன்னது தொடும் புள்ளிக்கு மட்டும்தான் பொருந்தும். நீங்கள் எழுதிய ஒய் = 2எக்ஸ் − 5 பரவளையத்தை எங்கும் தொடாது.

தொடும் புள்ளியை (க, க²) என்று எடுங்கள். மேலே 3க்குச் செய்ததுபோலவே செய்தால் சாய்வு 2க; தொடுகோடு ஒய் = 2க·எக்ஸ் − க². அதில் (1, −3)ஐப் பிரதியிட்டால் க² − 2க − 3 = 0; க = 3 அல்லது −1. ஆக இரண்டு தொடுகோடுகள்: மேலே கண்ட அதே ஒய் = 6எக்ஸ் − 9, இன்னொன்று ஒய் = −2எக்ஸ் − 1. 3, −1 இரண்டின் சராசரி 1, அதாவது வெளிப்புள்ளியின் எக்ஸ். இந்தப் பரவளையத்துக்கு எந்த வெளிப்புள்ளியை எடுத்தாலும் இது மாறாது. தேர்வில் விடையைச் சரிபார்க்க ஒரு நொடி போதும்.