டேப் கொக்கி ஆடுறதாலயா அரை பேர்ச் குறையுது?

பண்டாரவளை பக்கம் காணி பாக்குற ஒருத்தர் கேட்டிருக்காரு: ப்ரோக்கர் 25 அடி டேப்ப பிடிச்சு சரிவு வாக்குல 50 அடி, அகலம் 55 அடின்னு காட்டி 10 பேர்ச்சுக்கு காசு கேக்குறாரு, சர்வே பிளான்ல 9.5 தான் இருக்கு, டேப்போட கொக்கி வேற லொடலொடன்னு ஆடுது, அதனாலயா, ரிவட்ட அடிச்சு இறுக்கிறவான்னு.

இறுக்கிறாதீங்க! ஆடணும்னு தான் அத அப்படி செஞ்சிருக்காங்க. கொக்கித் தகடு எவ்வளவு தடிப்போ அவ்வளவு தான் நகரும், கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர், பலகை ஓரத்துல மாட்டி இழுத்தா வெளிய வரும், சுவத்துல முட்டுனா உள்ள போகும், ரெண்டுலயும் கணக்கு சரியா நிக்கும். கீழ விழுந்து கொக்கி வளைஞ்சிருந்தா மட்டும் 1 அடி கோட்டுல பிடிச்சு அளந்து கடைசில ஒரு அடிய கழிங்க, ஆனா யாரு கழிக்கிறதுன்னு முதல்லயே பேசிக்கங்க, பிடிச்சவரும் கழிச்சு வாசிச்சவரும் கழிச்சா ஒரு அடி போச்சு, ரெண்டு பேருமே விட்டா ஒரு அடி கூடிப்போச்சு, மேசன்பாஸ்மாரே இதுல மாட்டுறாங்க.

ஒரு பேர்ச்னா 272.25 சதுர அடி, அரை பேர்ச்னா 136. கொக்கி ஆடி அவ்வளவு வராது. டேப் தகட்டுல ரோமன் எழுத்துல இரண்டுன்னு (II, டேப்போட துல்லிய வகுப்பு) போட்டிருந்தா 5 மீட்டருக்கு 1.3 மில்லிமீட்டர் தான் பிழை விடலாம்.

கோளாறு சரிவுல. பிளான் எப்பவும் சரிவ விட்டுட்டு மட்டத்துல அளந்து போடுறது, சரிவுல புல்லு மேல படுக்க வச்ச டேப் கூடுதலாத்தான் காட்டும். 50 அடியில 17 அடி இறக்கம் இருந்தா மட்டத்துல 47 அடி, 55ஆல பெருக்கி 272.25ஆல பிரிச்சுப் பாருங்க, 9.5 வருது. ப்ரோக்கருக்கு இது தெரியாதுன்னா நெனைக்கிறீங்க? விக்கிறப்ப டேப்ப தரையில படுக்க வைப்பாரு, அதே ஆளு வாங்குறப்ப பிளான நீட்டுவாரு. ஒரு பிளான் கொப்பி எடுக்க சனத்த ஒபிஸ் ஒபிஸா நாளைக்கு வா நாளைக்கு வான்னு அலைய விட்டா இவங்க காட்டுல மழை தானே.

நீங்களே பாக்கணும்னா மேல இருந்து 10 அடி 10 அடியா டேப்ப மட்டமா இழுத்துப் பிடிச்சு, நுனியில தூக்குக்குண்டு விட்டு, குண்டு தொடுற இடத்துல ஆப்பு அடிச்சு படி படியா இறங்குங்க. பேரம் பேச அது போதும். அட்வான்ஸ் குடுக்க முந்தி லைசன்ஸ் சர்வேயர் ஒருத்தர கூட்டிட்டுப் போய் பிளான்படி எல்லைக்கல்ல காட்டச் சொல்லுங்க, சர்வேயர ப்ரோக்கர் கூட்டிட்டு வரக்கூடாது.